லாக் நட் இறுக்கம்தான், ஆனாலும் ஆடுகிறது: பழைய கியர் சைக்கிள் ஒன்றின் ஹெட்செட் கதை

வண்டியும் புகாரும்

அக்கா மகன் சைக்கிளைத் தார்சாவில் சாய்த்துவிட்டு, "மாமா, மறுபடியும் தட்டுது" என்றான். ஆனி மாதக் கடைசி. அந்த வருடத்தில் அது நான்காவது தடவை. ஒரு தடவை தளர்ந்தால் இறுக்கிவிட்டுப் போய்விடலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தளர்கிறது என்றால் இறுக்குகிற இடத்திலேயே ஏதோ கோளாறு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. செலவு அறுபது ரூபாயைத் தாண்டவில்லை.

வண்டி 2009-ல் எனக்காக வாங்கியது. ஸ்டீல் ஃப்ரேம், 26 அங்குலச் சக்கரம், 18 கியர், முன்னால் ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் ஃபோர்க், வி-பிரேக். நாலு வருடம் ஓட்டினேன். அப்புறம் மோட்டார் சைக்கிள் வந்தது, இது மாடிப்படிக்கு அடியில் போயிற்று. மூன்று வருடத்துக்கு முன் மருமகன் கேட்டு வாங்கிக்கொண்டான். தினமும் பாளையங்கோட்டைக்குள் கல்லூரிக்குப் போய்வருவான். மாதத்தில் ஒரு ஞாயிறு கூட்டாளிகளோடு சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக அம்பாசமுத்திரம் வரை ஒரு மிதி. காலில் தெம்பு இருந்தால் மணிமுத்தாறு அணை. திரும்பும்போது தாமிரபரணியில் இறங்கிக் குளிப்பார்கள், சைக்கிளையும் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். அந்தக் குளியலும் இந்தக் கதையில் வரும்.

புகார் இதுதான். முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில் பாருக்குக் கீழே 'டொக்' என்று ஒரு தட்டு. வேகத்தடையில் ஏறி இறங்கினால் இரண்டு தட்டு. இறக்கத்தில் கையை லேசாகத் தளர்த்தினால் முன்சக்கரம் உதறுகிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க். அதன் தண்டு ஃப்ரேமின் முன்குழாய்க்குள் நுழைந்து மேலே வருகிறது. அது ஆடாமல், ஆனால் தடையில்லாமல் திரும்ப, குழாயின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கிண்ணம்போல ஒரு கப்பு, அதில் பொருந்தும் கோன், நடுவில் பால்ரஸ் குண்டுகள். இந்த மொத்தச் சாமானுக்கும் பெயர் ஹெட்செட். கடையில் 'ஹெட் லூசு' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். இந்த வண்டியில் இருப்பது பழைய வகை. தண்டின் மேல்முனையில் மரை வெட்டியிருக்கும், அதில் கோனைத் திருகி இறக்கி, வாஷர் போட்டு, மேலே லாக் நட் வைத்து இறுக்க வேண்டும்.

ஆட்டம் எங்கே

முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் உலுக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் சோதனை. பழைய கியர் சைக்கிளில் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அப்படி உலுக்கும்போது ஆடக்கூடிய இடங்கள் நாலு: பிரேக் கை மாட்டியிருக்கும் ஆணி, முன்சக்கரத்தின் ஹப், சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்குள் தேய்ந்துபோன புஷ், ஹெட்செட். நாலின் ஆட்டமும் கைக்கு ஒரே மாதிரித்தான் வந்து சேரும். ஹெட்செட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்கி, ஹேண்டில் பார் கல்மாதிரி ஆன பிறகு, ஆடியது ஹப் என்று தெரிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன்.

அதனால் இந்தத் தடவை ஒவ்வொன்றாகக் கழித்தேன். முன்சக்கரத்தைத் தூக்கி ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் ஹப் தெரிந்துவிடும். அசையவில்லை, ஹப் சுத்தம். அடுத்து ஹேண்டில் பாரைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, சக்கரம் குறுக்காக நிற்க, பிரேக்கைப் பிடிக்காமல் வண்டியை முன்பின் உலுக்கினேன். இப்படி நிற்கும்போது சக்கரம் உருளாது, பிரேக்குக்கு வேலையே கிடையாது. அப்படியும் தட்டியது. கடைசியில் இடது கைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கீழ்க் கப்பும் ஃபோர்க்கின் தோளும் சேரும் இடைவெளியில் வைத்துக்கொண்டு உலுக்கினேன். விரலுக்கு அடியில் இரண்டு இரும்பும் விலகிச் சேர்வது, பல் ஆடுவதுபோல அப்படியே தெரிந்தது. ஹெட்செட்தான்.

விரலை ஃபோர்க்கின் மேல்காலும் கீழ்காலும் சேரும் இடத்துக்கு இறக்கியபோது அங்கேயும் கொஞ்சம் அசைவு இருந்தது. பதினைந்து வருடம் தாண்டிய மலிவு ஃபோர்க், அப்படித்தான் இருக்கும். அதைத் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில் பாரை ஒரு விரலால் மெல்லத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் படக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றது. அது நல்ல அடையாளம் கிடையாது.

மூன்று தடவை போன வைத்தியம்

முதல் இரண்டு தடவையும் தெருமுனை சைக்கிள் கடை அண்ணாச்சிதான் இறுக்கிக்கொடுத்தார். ஐம்பது வருடக் கை அது. பெரிய ஸ்பேனரை லாக் நட்டில் மாட்டி ஒரு குத்துக் குத்தி, "இனி ஆடாது" என்று அனுப்பினார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

மூன்றாவது தடவை நானே இறங்கினேன். கோனை நன்றாக இறக்கி, அதைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கினேன். புத்தக முறைப்படி சரியான வேலை. நட் இனி நகராது என்னும் வரைக்கும் ஸ்பேனரை இழுத்தேன், உள்ளங்கை சிவந்துபோயிற்று. இருபத்திரண்டாம் நாள் தட்ட ஆரம்பித்தது. எனக்கு அண்ணாச்சிமேல் இருந்த லேசான இளக்காரம் அன்றைக்குப் போயிற்று.

நகத்தில் அகப்பட்டது

நான்காவது தடவை ஸ்பேனரை எடுக்கும் முன் தார்சாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். லாக் நட்டை ஸ்பேனரால் தொட்டேன், அசையவில்லை. இறுக்கியது இறுக்கியபடியே இருந்தது. அப்படியானால் தளர்ந்தது எது? லாக் நட்டுக்கும் கோனுக்கும் நடுவில் ஒரு வாஷர் உண்டு. அதன் உள்விளிம்பில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அது தண்டின் மரையில் வெட்டிய பள்ளத்தில் உட்காரும், வாஷர் சுற்றாமல் இருக்க. அதன் விளிம்பைச் சும்மா சுண்டுவிரல் நகத்தால் நெம்பினேன்.

வாஷர் 'டிக்' என்று மேலே போயிற்று. விட்டால் 'டிக்' என்று கீழே விழுந்தது. பிறகு அதன் அடியில் இருந்த கோனைத் தொட்டுப் பார்த்தால், வெறும் விரலுக்கே அது சுற்றியது.

உள்ளங்கை சிவக்க இறுக்கிய நட்டுக்கு அடியில் வாஷர் எப்படி ஆடும்? நட் வாஷர்மேல் உட்காரவே இல்லை. அது வேறு எதன்மேலோ போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த நக வேலையை முதல் நாளே செய்திருக்கலாம், ஒரு காசு செலவில்லாத சோதனை.

லாக் நட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். இந்த வகை நட்டின் உச்சியில் உள்நோக்கி ஒரு உதடு இருக்கும், தண்டின் முனையை மூடியதுபோல. அந்த உதட்டின் உட்பக்கம் முழு வட்டமாக வெள்ளிக் கொலுசுபோலப் பளபளத்தது. வாஷரை அழுத்த வேண்டிய அடிமுகமோ மங்கிப்போய், மெல்லிய துருப் படலம் கலையாமல் கிடந்தது. தண்டின் மேல்முனையிலும் அதே பளபளப்பு. ஆக, அத்தனை தடவையும் நாங்கள் இறுக்கியது தண்டின் தலையை. கோனை யாருமே பூட்டவில்லை.

அரை மில்லிமீட்டரின் கணக்கு

வெர்னியரை எடுத்து அளந்தேன். கோனைச் சரியான இடத்தில் நிறுத்தி வாஷரைப் போட்ட பிறகு, அதற்கு மேல் தண்டு 8.5 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நின்றது. நட்டின் அடிமுகத்திலிருந்து உள் உதடு வரை ஆழம் 8 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் இடிக்கிறது.

இந்தத் தண்டு 1 அங்குல வகை, அதாவது 25.4 மில்லிமீட்டர். ஹேண்டில் பாரைத் தாங்கி உள்ளே இறங்கும் ஸ்டெம்மின் தடிமன் 22.2 மில்லிமீட்டர் என்பதை வைத்து உறுதி செய்துகொண்டேன். இந்த வகையில் மரை அங்குலத்துக்கு 24 சுற்று, ஆக ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும். கோன் அரைச் சுற்று பின்வாங்கினால் அரை மில்லிமீட்டர் மேலே ஏறி வாஷரை ஒட்டிக்கொள்ளும். அங்கே போய்ப் பத்திரமாக நின்றும் விடும், ஏனென்றால் அதற்கு மேல் இடமில்லை. பாளையங்கோட்டைத் தெருக்களில் மூன்று வாரம் திருப்பித் திருப்பி ஓட்டினால் பூட்டாத கோன் அரைச் சுற்று நகர்வதில் அதிசயம் என்ன? ஒவ்வொரு தடவையும் ஆட்டம் ஒரே அளவாக இருந்ததற்கும் இதுதான் காரணம். அதை மருமகன் முன்பே சொன்னான், "எப்பவும் இதே அளவுதான் மாமா தட்டும், கூடவும் செய்யாது" என்று. நான் காதில் வாங்கவில்லை.

சரி, புதிதாக வந்தபோது ஆடாத வண்டிக்கு இப்போது மட்டும் தண்டு எப்படி நீண்டது? காபி கொண்டுவந்த அக்கா நின்று பார்த்துவிட்டு, "இதுல முன்னால ஒரு கூடை இருந்துச்சுல்லா?" என்றாள்.

இருந்தது. வாங்கும்போது லாக் நட்டுக்கு அடியில் ரிஃப்ளெக்டர் மாட்டும் தகடு ஒன்று இருந்தது. காய்கறி வாங்க வசதியாக நான் கூடை மாட்டியபோது அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கூடையின் தகட்டைச் செருகினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. மருமகன் வண்டியை எடுத்ததும் செய்த முதல் வேலை கூடையைக் கழற்றியது. "கூடை வச்ச சைக்கிள்ல காலேஜுக்குப் போனா பயலுவ சிரிப்பானுவ மாமா." தகட்டோடு கழற்றி, நட்டைத் திரும்ப இறுக்கிவிட்டான். ரிஃப்ளெக்டருக்குத்தான் அந்தத் தகடு என்று நானும் நினைத்தேன், கூடைக்குத்தான் என்று அவனும் நினைத்தான். தண்டின் நீளத்தை நிரப்புவதும் அதன் வேலை என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

உள்ளே இருந்தது

காரணம் தெரிந்துவிட்டது என்று வாஷர் ஒன்றைச் சொருகி முடித்திருக்கலாம். அந்த 'படக்' பள்ளம் உறுத்தியதால் முழுதும் பிரித்தேன்.

ஸ்டெம்மின் நடுவில் இருக்கும் நீளமான போல்ட்டை 6 மில்லிமீட்டர் ஆலன் கீயால் மூன்று சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். போல்ட் உள்ளே இறங்கினால் அடியில் இருக்கும் ஆப்பு விட்டுக்கொடுக்கும். முழுதும் கழற்றிவிட்டுத் தட்டினால் மரைதான் கெடும். எங்கள் வண்டியில் ஸ்டெம் துருப்பிடித்து ஒட்டியிருந்ததால் எண்ணெய் விட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து திரும்பத் தட்டினேன். பிரேக் கேபிளை விடுவித்து, ஹேண்டில் பாரை ஃப்ரேமின் மேலேயே துணியில் கட்டித் தொங்கவிட்டேன்.

ஃபோர்க்கைக் கீழே இழுத்ததும் கீழ்க் கப்பிலிருந்து வந்ததைக் கிரீஸ் என்று சொல்ல மனம் வரவில்லை. கருப்பட்டிப் பாகு நிறத்தில், மணலும் துருவும் கலந்த ஒரு குழம்பு. மேல்ப் பக்கம் அத்தனை மோசம் இல்லை. எப்போதும் கீழ்ப்பக்கம்தான் முதலில் போகும். சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் நேராக அங்கேதான் போய் விழும், ஆற்றுக் குளியலில் சைக்கிளைப் படுக்கப்போட்டால் உள்ளேயும் நிறைந்துவிடும். வெளியே வந்த வண்டி வெயிலில் காய்ந்தது என்று நாம் நினைப்போம், கப்புக்குள் காய்வதில்லை.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கீழ்க் கோனை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். குண்டுகள் ஓடும் பாதையில், முன்பக்கமும் பின்பக்கமும், ஊசியால் குத்தியதுபோல வரிசையாகப் பள்ளம். பெரும்பாலும் நேராகவே ஓட்டுகிறோம், குண்டுகள் ஒரே இடத்தில் நின்றபடி லேசாக அசைந்துகொண்டே இருக்கின்றன, அந்த இடத்துக் கிரீஸ் ஒதுங்கிப்போய் இரும்பும் இரும்பும் உராய்ந்து குழி விழுகிறது. தளர்ந்த ஹெட்செட்டில் ஓட்டியதால் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் விழுந்த அடி வேறு. 'படக்' என்று நின்றது இந்தக் குழிகளில்தான்.

புது ஹெட்செட் போடுவதுதான் முறை. ஆனால் கப்பு நன்றாக இருந்தது, கோனின் குழியும் ஆழமில்லை. அதனால் பழைய தந்திரம் ஒன்றைச் செய்தேன். கீழே இருந்தது தகட்டுக் கூண்டுக்குள் 20 குண்டுகள் அடைத்த வகை. கூண்டை எறிந்துவிட்டு, அதே அளவுத் தனிக் குண்டுகளை, 5/32 அங்குலம், அடுக்கினால் எண்ணிக்கை கூடும், குண்டுகளுக்கு நடுவிலான தூரம் மாறும். அப்போது எல்லாக் குண்டும் ஒரே நேரத்தில் பழைய குழிகளில் விழாது.

கடையில்

அண்ணாச்சி கடைக்கு லாக் நட்டையும் பழைய குண்டு ஒன்றையும் கையோடு எடுத்துப் போனேன். வாயால் அளவு சொல்லி வாங்கும் சாமான் இது கிடையாது.

"1 அங்குல ஹெட்டுக்கு ரெண்டு மில்லி வாஷர் வேணும் அண்ணாச்சி. குண்டும் ஒரு ரெண்டு டஜன், நாலஞ்சு கூடவே தாங்க."

"வாஷர் எதுக்கு தம்பி? நட்டு நல்லா இறுகித்தானே இருந்துச்சு?"

நட்டைத் திருப்பி உதட்டின் பளபளப்பைக் காட்டினேன். வாங்கி, கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.

"அட, உச்சியில இடிச்சிருக்கு. நானும் ரெண்டு தரம் இடிச்சுத்தான் அனுப்பியிருக்கேன்."

பழைய பால் பவுடர் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, இருபது வருடச் சாமானுக்குள் துழாவி ஒரு வாஷரை எடுத்தார். வாஷருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். குண்டுக்கும் ஒரு சின்ன டப்பா கிரீஸுக்கும் மட்டும் கொடுத்தேன்.

மாட்டியது

சாக்கை விரித்து ஃப்ரேமைத் தலைகீழாக வைத்தேன். கீழ்க் கப்பில் தாராளமாகக் கிரீஸ் அப்பி, குண்டுகளைச் சிரட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கினேன். 24 பிடித்தது. 25-ஆவது நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்ததால் எடுத்துவிட்டேன், ஒரு குண்டுக்கு இடம் காலியாக இருப்பதுதான் சரி. ஒன்று கை தவறித் தார்சாவில் உருண்டு எங்கோ போயிற்று. மறுநாள் அம்மா பெருக்கும்போது வாரியலில் வந்தது. கூடுதலாக நாலைந்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

மேல்ப் பக்கத்துக் கூண்டு நன்றாக இருந்ததால் கழுவி அதையே போட்டேன். அதில் ஒரு கவனம்: குண்டுகள் துருத்தித் தெரியும் பக்கம் கோனைப் பார்க்க வேண்டும், தகட்டின் முதுகு கப்புக்குள் போக வேண்டும். மாற்றிப் போட்டால் கூண்டு உரசி, எத்தனை இறுக்கினாலும் கரகரக்கும்.

பிறகு கோன், நாக்கு வைத்த வாஷர், புதிய 2 மில்லிமீட்டர் வாஷர், லாக் நட். இப்போது வாஷருக்கு மேல் தண்டு 6.5 மில்லிமீட்டர்தான் நிற்கிறது, உதட்டுக்குக் கீழே ஒன்றரை மில்லிமீட்டர் காற்று.

கோனைக் கையாலேயே ஆட்டம் நிற்கும் வரை இறக்கி, ஒரு நூல் அளவு திரும்ப விட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அது கோனை மரையின் இடைவெளி அளவுக்குக் கீழே தள்ளும், கையால் சரியாக இருந்தது அப்போது கெட்டியாகிவிடும். இந்த ஒரு நூலைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு முயற்சி ஆயிற்று. இரண்டு 32 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும், கோனுக்குப் போடுவது மெலிசாக இருக்க வேண்டும். என்னிடம் மெலிசு இல்லை, கடையில் இரவல். கடைசியில் வண்டியைத் தூக்கிப் பிடித்தால் முன்சக்கரம் தன் கனத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது, விரலுக்கடியில் அசைவும் இல்லை. வாஷரை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

ஸ்டெம்மை அதில் குறித்திருக்கும் கோடு வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே இறக்கி இறுக்கினேன். அந்தக் கோடு தெரிந்தால் ஆப்பு மரை வெட்டிய மெல்லிய பகுதியில் உட்கார்ந்துவிடும், தண்டு பிளக்க வழியுண்டு.

கூட்டாளியின் வண்டி

அன்று மாலை மருமகனின் கூட்டாளி ஒருவன், "என்னோடதும் ஆடுது மாமா" என்று அலுமினிய வண்டியோடு வந்துவிட்டான். அது மரையில்லாத வகை. 1990-களின் தொடக்கத்தில் டியா கோம்ப் என்ற நிறுவனம் 'அஹெட்செட்' என்று கொண்டுவந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவிய அமைப்பு. அதில் ஸ்டெம்தான் தண்டைக் கவ்விப் பிடிக்கிறது. மேல்மூடியின் போல்ட் பால்ரஸுக்கு அழுத்தம் கொடுக்க மட்டுமே. பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தாமல் மேல்மூடியைத் திருகினால் ஒன்றும் நடக்காது, அவன் அதைத்தான் ஒரு வாரமாகச் செய்துகொண்டிருந்தான். பக்க போல்ட்டைத் தளர்த்தி, மேலே லேசாக இறுக்கி, ஹேண்டில் பாரை நேர்செய்து, பக்கத்தை இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை.

ஆனால் அங்கேயும் எங்கள் வியாதி வர இடமுண்டு. தண்டின் முனை ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். ஸ்டெம்மை மாற்றும்போதோ வளையம் ஒன்றை எடுத்துவிடும்போதோ தண்டு உயர்ந்துவிட்டால், மேல்மூடி அதன் தலையில் முட்டி நிற்கும். போல்ட் இறுகும், அழுத்தம் பால்ரஸுக்குப் போகாது.

பிறகு

மறு ஞாயிறு மருமகன் அம்பாசமுத்திரம் போய்வந்தான். தட்டவில்லை. ஐந்தாம் வாரமும் நகச் சோதனை செய்தேன், பத்தாம் வாரமும் செய்தேன், வாஷர் அசையவில்லை. ஐப்பசி மழையில் நனைந்த பிறகு ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். கிரீஸ் நிறம் மாறவில்லை. வண்டியை ஆற்றில் படுக்கப்போடுவதை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறான். நம்பிவைத்திருக்கிறேன்.

நடுவில் அந்தப் பள்ளம் முழுதும் போகவில்லை. கவனித்துத் திருப்பினால் விரலுக்கு லேசாகத் தெரிகிறது, ஓட்டும்போது தெரிவதில்லை. பிரேக் பிடித்தால் இன்னும் ஒரு சின்ன அசைவு வருகிறது, அது முதல் நாளே குறித்துவைத்த ஃபோர்க் புஷ். அதற்கு மருந்து வேறு ஃபோர்க்தான். மரை வெட்டிய 1 அங்குலத் தண்டோடு பழைய ஃபோர்க் எங்காவது கிடைக்குமா என்று ஜங்ஷன் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைத்தால் காசு கொடுக்கும் முன் தண்டின் நீளத்தை அளந்து எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.